மதிப்பெண் கேட்கப்படாத இடத்தில் எது கேட்கப்படுகிறது? உளவியல் முனைவர் பட்டச் சேர்க்கையும் முதல் தலைமுறை மாணவர்களும்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் உளவியல் முனைவர் பட்டப் படிப்புக்கான விண்ணப்பங்கள் பெரும்பாலும் டிசம்பர் முதல் நாளை ஒட்டி முடிவடைகின்றன. இங்கே உளவியலில் முதுகலை முடித்துவிட்டு அங்கே ஆய்வுக்குச் செல்ல நினைக்கும் மாணவர்கள் அதற்கு முந்தைய சில மாதங்கள் ஒரே கேள்வியைச் சுமந்துகொண்டு அலைகிறார்கள்: ஜி.ஆர்.இ. தேர்வில் மதிப்பெண் குறைவாக இருந்தால் விண்ணப்பிப்பதில் பயன் உண்டா? முதல் தலைமுறையாகக் கல்லூரிக்குள் நுழைந்த தலித் மாணவரிடம் இக்கேள்வி வேறொரு கனத்துடன் எழுகிறது. குறைந்த மதிப்பெண் என்பது அவருக்கு வெறும் எண் அன்று. ‘கோட்டாவில் வந்தவர்’ என்ற ஏளனத்தோடு சேர்த்துக் கேட்டுப் பழகிய சொல் அது. ஆகவே பலர் விண்ணப்பிக்காமலேயே விலகிவிடுகிறார்கள். நிராகரிப்புக் கடிதம் எழுதும் வேலையைக்கூட அவர்கள் பல்கலைக்கழகத்துக்குக் கொடுப்பதில்லை.

இதற்கிடையில் நிலைமை மாறியிருக்கிறது. 2019இல் ‘சயின்ஸ்’ இதழ் அமெரிக்காவின் முன்னணி ஆய்வுப் பல்கலைக்கழகங்களின் சேர்க்கை விதிகளை ஆராய்ந்தபோது, மூலக்கூறு உயிரியல் துறைகளில் பாதிக்குச் சற்றுக் குறைவானவை ஜி.ஆர்.இ. தேர்வைக் கைவிட்டிருந்தன. உளவியல் துறைகளிலோ 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவை அதை விடாப்பிடியாகக் கேட்டுக்கொண்டிருந்தன. அடுத்த ஆண்டு பெருந்தொற்று தேர்வு மையங்களை மூடியது. அதே ஆண்டில் ஜார்ஜ் ஃபிளாய்டின் படுகொலைக்குப் பின் எழுந்த போராட்டங்கள் பல்கலைக்கழகங்களைத் தம் சேர்க்கை முறையைத் திரும்பிப் பார்க்கச் செய்தன. மிச்சிகன் பல்கலைக்கழகம் 2022-23 சேர்க்கைச் சுற்று முதல் எல்லா முனைவர் பட்டப் படிப்புகளுக்கும் ஜி.ஆர்.இ. மதிப்பெண்ணைக் கேட்பதை நிறுத்தியது. இன்று உளவியல் துறைகளில் கணிசமானவை மதிப்பெண்ணைக் கேட்பதில்லை, அல்லது விரும்பினால் அனுப்பலாம் என்று மட்டும் சொல்கின்றன.

இதை வெற்றி என்று கொண்டாடும் குரல்கள் உண்டு. கொண்டாடுவதற்குக் காரணமும் உண்டு. ஆனால் மதிப்பெண் அகற்றப்பட்ட இடம் வெற்றிடமாக இருப்பதில்லை. அங்கே வேறு அளவுகோல்கள் வந்து அமர்ந்துகொள்கின்றன. அவற்றில் சில, தேர்வைவிடவும் சாதி வழிப்பட்ட மூலதனத்தைச் சார்ந்தவை. பலவீனமான மதிப்பெண்ணோடு நிற்கும் மாணவர் இன்று அஞ்ச வேண்டியது மதிப்பெண்ணுக்கு அன்று, இவற்றுக்கே என்பதுதான் இக்கட்டுரையின் வாதம்.

முதலில் தேர்வைப் பற்றி. ஜி.ஆர்.இ. பொதுத் தேர்வில் மொழித்திறனும் கணிதத்திறனும் தனித்தனியே 130 முதல் 170 வரையிலான அளவில் மதிப்பிடப்படுகின்றன; எழுத்துத்திறனுக்கு 0 முதல் 6 வரை. இந்தியாவில் இத்தேர்வை எழுத ஏறத்தாழ 22,000 ரூபாய் கட்ட வேண்டும். கட்டணத்தைவிடப் பெரிய தடை மொழிப்பகுதி. ஒரு வாக்கியத்தின் வெற்றிடத்தை நிரப்ப ஏறத்தாழ ஒரே பொருள் தரும் இரு சொற்களை ஆறு சொற்களிலிருந்து பொறுக்கியெடுக்கச் சொல்லும் வினாக்கள் அதில் வருகின்றன. இந்தச் சொற்கள் வகுப்பறையில் கற்பிக்கப்படுபவை அல்ல. ஆங்கில நூல்கள் புழங்கும் வீடுகளில் பிள்ளைகள் காதால் கேட்டே சேர்த்துக்கொள்பவை. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்து, இளங்கலையில் ஆங்கிலப் பாடநூலோடு அகராதியை வைத்து மல்லுக்கட்டிய மாணவர், நினைவாற்றல் குறித்த ஒரு பரிசோதனையின் குறைகளைத் தெளிவாக எடுத்துச் சொல்லக்கூடும். இந்த ஆறு சொற்களின் முன் அவர் தடுமாறுவார். தடுமாற்றம் 146 என்றோ 148 என்றோ ஓர் எண்ணாகப் பதிவாகும். அந்த எண்ணுக்குப் பின்னால் எந்தப் பள்ளி, எந்த வீடு, எந்தத் தெரு என்பது பதிவாகாது.

இந்த மறதி தற்செயலானதன்று. தரப்படுத்தப்பட்ட தேர்வு என்ற கருவியை வடித்தெடுத்தவர்களில் முன்னணியில் நின்றது உளவியல் துறையே. முதல் உலகப் போரின்போது அமெரிக்கப் படையில் சேர்ந்த ஏறத்தாழ 17 லட்சம் பேருக்கு ராபர்ட் யெர்க்ஸ் தலைமையிலான உளவியலாளர்கள் நுண்ணறிவுத் தேர்வு நடத்தினர். அந்தத் தரவுகளை வைத்துக்கொண்டு பிரின்ஸ்டன் பல்கலைக்கழக உளவியலாளர் கார்ல் பிரிகாம் 1923இல் ஒரு நூல் வெளியிட்டார். வடக்கு ஐரோப்பிய இனத்தாரே அறிவில் உயர்ந்தவர்கள். தெற்கு, கிழக்கு ஐரோப்பியரும் கறுப்பினத்தவரும் கலப்பதால் அமெரிக்க நுண்ணறிவு சரிகிறது என்பது அதன் சாரம். அதே பிரிகாம்தான் 1926இல் கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்.ஏ.டி. தேர்வை வடிவமைத்தார். 1930இல் தம் முடிவுகளுக்கு அடிப்படை இல்லை என்று அவரே எழுதித் திரும்பப் பெற்றார். நூல் திரும்பப் பெறப்பட்டது. தேர்வு திரும்பப் பெறப்படவில்லை.

பிரிகாம் தாமாகத் திருந்தும்வரை கறுப்பினத்தவர் காத்திருக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 1924இல், இருபது வயதை ஒட்டிய ஹோரஸ் மான் பாண்ட் என்ற கறுப்பின இளைஞர், ‘தி கிரைசிஸ்’ இதழில் படைத்தேர்வுத் தரவுகளையே எடுத்து விடை சொன்னார். இல்லினாய், நியூயார்க் போன்ற வட மாநிலங்களின் கறுப்பின வீரர்கள், மிசிசிப்பி, ஆர்கன்சா போன்ற தென் மாநிலங்களின் வெள்ளை வீரர்களைவிட அதிக மதிப்பெண் பெற்றிருந்தார்கள். இனமே அறிவைத் தீர்மானிக்கிறது என்றால் இது எப்படி நேர்ந்தது? பள்ளிகளுக்கு எந்த மாநிலம் எவ்வளவு செலவிட்டது என்பதைத்தான் தேர்வு அளந்திருக்கிறது என்றார் அவர். இங்கே ‘தகுதி, திறமை’ என்ற பெயரில் நூறாண்டுகளாக நடந்துவரும் விவாதத்துக்கும் இதைவிடக் கூர்மையான விடை தேவையில்லை.

சாதிக்கும் தேர்வுத் திறனுக்கும் உள்ள உறவை நேரடியாகச் சோதித்த ஆய்வு ஒன்று நம் நாட்டிலேயே நடந்தது. செய்தவர்கள் உளவியலாளர்கள் அல்லர்; உலக வங்கியைச் சேர்ந்த பொருளியல் ஆய்வாளர்கள் கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே. உத்தரப்பிரதேசச் சிற்றூர் ஒன்றில் ஆறாம், ஏழாம் வகுப்புச் சிறுவர்களுக்குத் தாளில் வரைந்த புதிர்ப்பாதைகளைத் தந்து, விடுவிக்கும் ஒவ்வொன்றுக்கும் காசு கொடுத்தார்கள். யார் எந்தச் சாதி என்று அறிவிக்கப்படாத குழுக்களில் தலித் சிறுவர்களுக்கும் ஆதிக்கச் சாதிச் சிறுவர்களுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. தொடங்குமுன் ஒவ்வொருவரின் பெயரையும் சாதியையும் எல்லோர் முன்னிலையிலும் வாசித்த குழுக்களில் தலித் சிறுவர்களின் எண்ணிக்கை சரிந்தது. அதே புதிர், அதே காசு. 2004இல் ஆய்வறிக்கையாகவும் பின்னர் ஆய்விதழிலும் வெளிவந்த இம்முடிவை ஒவ்வோர் உளவியல் மாணவரும் படித்திருக்க வேண்டும். நம் பாடத்திட்டங்களில் இதற்கு இடம் எங்கே?

இதற்கு முன்பே, 1995இல், கிளாட் ஸ்டீல், ஜோஷுவா ஆரன்சன் ஆகிய உளவியலாளர்கள் ஸ்டான்ஃபோர்டு மாணவர்களிடம் ஜி.ஆர்.இ. மொழிப்பகுதி வினாக்களைக் கொண்டே இதையொத்த ஒன்றைக் காட்டியிருந்தார்கள். ‘இது உங்கள் அறிவுத்திறனை அளக்கும்’ என்று சொல்லப்பட்டபோது கறுப்பின மாணவர்களின் மதிப்பெண் குறைந்தது. இவ்வகை ஆய்வுகளைப் பின்னாளில் பெரிய அளவில் மீண்டும் நடத்திப் பார்த்தபோது விளைவு சிறுத்தோ மறைந்தோ போனதும் உண்டு. நமக்குச் சாதகமான ஆய்வு என்பதற்காக இதை மறைக்க வேண்டியதில்லை. தேர்வின் அநீதியை நிறுவ ஒற்றைப் பரிசோதனையை நம்பியிருக்கும் நிலையில் நாம் இல்லை.

சரி, தேர்வு அநீதியானது, அது ஒழிந்தது என்று முடித்துக்கொள்ளலாமா? முடியாது. மறுபக்கத்துச் சான்றுகளும் இதே துறையிலிருந்துதான் வருகின்றன. நாதன் குன்செல்லும் உடன் ஆய்வாளர்களும் 2001இல் ஏராளமான ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, ஜி.ஆர்.இ. மதிப்பெண்ணுக்கும் பட்ட மேற்படிப்பில் பெறும் மதிப்பெண்ணுக்கும் மிதமான தொடர்பு உண்டு என்று காட்டினார்கள். படிப்பை முடிப்பார்களா என்பதைக் கணிப்பதில் அத்தொடர்பு மெலிந்துவிடுகிறது. எனினும் இத்தேர்வு ஒன்றையுமே அளப்பதில்லை என்று சொல்ல இயலாது.

இதைவிட நம்மைச் சிந்திக்க வைப்பது ராபின் டாஸ் 1971இல் வெளியிட்ட ஆய்வு. ஆரிகன் பல்கலைக்கழகத்தின் உளவியல் துறையில், அதாவது நாம் பேசும் இதே வகைச் சேர்க்கையில், தேர்வுக்குழுப் பேராசிரியர்கள் விண்ணப்பங்களைப் படித்து அளித்த மதிப்பீட்டையும், அந்த மாணவர்கள் பின்னர் எப்படி விளங்கினார்கள் என்பதையும் அவர் ஒப்பிட்டார். ஜி.ஆர்.இ., இளங்கலை மதிப்பெண், படித்த கல்லூரியின் தரம் ஆகிய மூன்றை மட்டும் கூட்டிப் பார்க்கும் எளிய சூத்திரம் பேராசிரியர் குழுவைவிட நன்றாகக் கணித்தது. வல்லுநரின் உள்ளுணர்வு எளிய கணக்கிடம் தோற்கும் என்பதை பால் மீல் 1954லேயே எழுதிவிட்டார். மனித மதிப்பீட்டின் தடுமாற்றத்தை உளவியலைவிட நன்கறிந்த துறை வேறில்லை. அந்தத் துறையே இன்று தன் வாசலில் சூத்திரத்தை அகற்றிவிட்டு மனித மதிப்பீட்டை அமர்த்தியிருக்கிறது.

இளங்கலைச் சேர்க்கையில் இதன் விளைவு ஓரளவு வெளிப்பட்டுவிட்டது. எஸ்.ஏ.டி. மதிப்பெண் கட்டாயமில்லை என்று அறிவித்திருந்த டார்ட்மத் கல்லூரி 2024இல் அதை மீண்டும் கட்டாயமாக்கியது. வசதியற்ற மாணவர்கள், தங்கள் சூழலை வைத்துப் பார்த்தால் சாதகமாகவே கருதப்பட்டிருக்கக்கூடிய மதிப்பெண்களையும் குறைவு என்றெண்ணி அனுப்பாமல் விட்டுவிட்டார்கள் என்பது அக்கல்லூரி சொன்ன காரணம். பணக்கார நிறுவனம் சொல்லும் காரணத்தை முழுதாக நம்பிவிட வேண்டியதில்லை. ஆனால் தன் மதிப்பெண்ணைத் தானே குறைத்து மதிப்பிட்டு ஒதுங்கும் அந்த மாணவரை நமக்குத் தெரியும்.

எழுத்துத் தேர்வின் இடத்தை மனித மதிப்பீடு பிடித்துக்கொள்ளும்போது யார் வெளியேற்றப்படுகிறார்கள் என்பதை நாம் அமெரிக்காவிலிருந்து கற்க வேண்டியதில்லை. ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் ஆய்வுப் படிப்புச் சேர்க்கையில் எழுத்துத் தேர்வில் நல்ல மதிப்பெண் எடுத்த பட்டியலின, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட மாணவர்கள் நேர்காணலில் தொடர்ந்து தாழ்த்தப்படுவதை அப்பல்கலைக்கழகம் அமைத்த அப்துல் நஃபே குழு 2016இல் தரவுகளைக் கொண்டு உறுதிசெய்தது. நேர்காணல் மதிப்பெண்ணை 30இலிருந்து 15ஆகக் குறைக்கவும் பரிந்துரைத்தது. அதே ஆண்டில் பல்கலைக்கழக மானியக் குழு கொண்டுவந்த விதிமுறையோ நேர் எதிர்த் திசையில் போனது. எழுத்துத் தேர்வு வெறும் தகுதித் தேர்வாகச் சுருக்கப்பட்டு, நேர்காணலே எல்லாவற்றையும் முடிவு செய்யும் என்றாயிற்று. சேலத்திலிருந்து அப்பல்கலைக்கழகத்துக்குச் சென்ற ஆய்வு மாணவர் முத்துக்கிருஷ்ணன், 2017 மார்ச்சில் இறப்பதற்குச் சில நாட்களுக்கு முன் முகநூலில் எழுதிய கடைசிப் பதிவு, ஆய்வுப் படிப்புச் சேர்க்கையிலும் நேர்காணலிலும் சமத்துவம் இல்லை என்பதைப் பற்றியது. போராட்டங்களுக்கும் வழக்குகளுக்கும் பிறகு 2018இல்தான் எழுத்துத் தேர்வுக்கு 70, நேர்காணலுக்கு 30 என்ற கணக்கு வந்தது.

இப்போது இந்தியாவில் நடப்பது இன்னொரு முரண். அமெரிக்க உளவியல் துறைகள் தேர்வைக் கைவிடும் காலத்தில், 2024 ஜூன் சுற்று முதல் ‘நெட்’ தேர்வின் மதிப்பெண்ணையே முனைவர் பட்டச் சேர்க்கைக்கும் பயன்படுத்தலாம் என்று மானியக் குழு அறிவித்தது. ஆய்வு நிதி பெறும் அளவுக்குத் தேறாதவர்களுக்கு நெட் மதிப்பெண் 70 விழுக்காடு, நேர்காணல் 30 விழுக்காடு. அந்த மதிப்பெண்ணும் ஓராண்டுக்கே செல்லும். இப்புதிய ஏற்பாட்டின் முதல் தேர்வு 2024 ஜூன் 18 அன்று நடந்து மறுநாளே ரத்து செய்யப்பட்டது. எல்லாப் பல்கலைக்கழகங்களும் இம்முறைக்கு மாறிவிடவில்லை. ஆனால் உளவியல் வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே தரப்படுகிறது என்பதை நினைவில் கொண்டால், தமிழ்வழியில் வந்த மாணவருக்கு அது எத்தகைய தரப்படுத்தல் என்பது விளங்கும். இந்திவழி மாணவர் தம் மொழியில் வினாவைப் படிக்கலாம். தமிழ்வழி மாணவர் அந்நிய மொழியில்தான் படிக்க வேண்டும். இருவருக்கும் ஒரே தரவரிசை.

மீண்டும் அமெரிக்கச் சேர்க்கைக்கு வருவோம். மதிப்பெண் போனபின் அங்கே எடை கூடியவை எவை? பரிந்துரைக் கடிதங்கள், ஆய்வு அனுபவம், வழிகாட்டும் பேராசிரியரின் ஆய்வோடு பொருந்துதல். உளவியல் முனைவர் பட்டம் பெரும்பாலும் ஒரு பேராசிரியர் தமக்கான மாணவரைத் தாமே தேர்ந்தெடுக்கும் முறையில் நடக்கிறது. மருத்துவ உளவியல் படிப்புகளில் நூற்றுக்கணக்கான விண்ணப்பங்களுக்குப் பத்துக்கும் குறைவான இடங்கள் இருப்பது வழக்கம்.

அங்குள்ள மாணவர்கள் பட்டம் பெற்றபின் ஓரிரு ஆண்டுகள் ஏதேனும் ஓர் ஆய்வகத்தில் உதவியாளராக, பல நேரங்களில் ஊதியமின்றி அல்லது சொற்ப ஊதியத்துக்கு, வேலை செய்துவிட்டே விண்ணப்பிக்கிறார்கள். ஊதியமின்றி ஓராண்டு வேலை செய்ய எந்தக் குடும்பத்தால் இயலும்? மகனோ மகளோ எப்போது சம்பளம் கொண்டுவருவார் என்று தவணைக் கணக்கோடு காத்திருக்கும் வீட்டால் இயலாது. இங்குள்ள கல்லூரி ஆய்வகங்களின் நிலையும் அதற்கேற்றதே. முல்லர்-லயர் மாயத்தோற்றப் பலகையும் கண்ணாடியில் பார்த்து வரையும் கருவியும் தூசி தட்டப்பட்டு, பல்லாண்டுகளாக அதே செய்முறைக் குறிப்பேட்டில் அதே முடிவுகள் எழுதப்படும் ஆய்வகங்கள் பல. அந்தக் குறிப்பேட்டை ஆய்வு அனுபவம் என்று எந்தக் குழுவும் ஏற்காது.

பரிந்துரைக் கடிதத்தின் கதை இதைவிடக் கசப்பானது. அமெரிக்கக் குழு எதிர்பார்ப்பது, மாணவர் எந்தச் சிக்கலை எப்படி அணுகினார், எங்கே தவறி எப்படி மீண்டார் என்று நேரில் கண்ட ஒருவர் விரித்தெழுதும் இரண்டு பக்கம். இங்கே பெரும்பாலும் நடப்பது, ‘நீயே எழுதிக்கொண்டு வா, கையெழுத்துப் போடுகிறேன்’ என்பதே. அதிலும் யாருக்குக் கையெழுத்து, யாருக்கு ‘நாளை வா’ என்பதில் சாதி புகுந்துகொள்கிறது. கடின உழைப்பாளி, ஒழுக்கமானவர், வகுப்புக்குத் தவறாமல் வருபவர் என்ற மூன்று வரிக் கடிதம் விண்ணப்பத்தைக் கொன்றுவிடும் என்பது அதை எழுதிய ஆசிரியருக்கே தெரியாது. ஆய்வுலகத்தோடு தொடர்புள்ள குடும்பத்துப் பிள்ளை இதை உணவு மேசையில் தெரிந்துகொள்கிறது. மற்றவர் நிராகரிக்கப்பட்ட பின்னும் தெரிந்துகொள்வதில்லை.

இதையெல்லாம் சொல்வது அச்சுறுத்துவதற்காக அன்று. எங்கே எடை இருக்கிறது என்று தெரிந்தால் எங்கே உழைப்பைப் போடுவது என்று தெரியும். விண்ணப்பிக்க எண்ணும் மாணவர் முதலில் பார்க்க வேண்டியது, அந்தந்தத் துறை ஜி.ஆர்.இ. பற்றி என்ன சொல்கிறது என்பதை. கட்டாயம், விருப்பம், அனுப்பினாலும் பார்க்கமாட்டோம் என்று மூன்று நிலைகள் உண்டு. பல்கலைக்கழகம் ஒன்று சொல்லத் துறை வேறு சொல்வதும் நேர்வதால் துறையின் சொந்த அறிவிப்பையே நம்ப வேண்டும். தாம் தேர்ந்தெடுக்கும் துறைகள் அனைத்தும் மதிப்பெண் கேட்காதவையாக இருந்தால் தேர்வையே எழுதாமல் விடலாம் என்பது என் கருத்து. அந்த 22,000 ரூபாய்க்கு வேறு தேவை இருக்கிறது. விண்ணப்பக் கட்டணமே ஒவ்வோரிடத்துக்கும் பெரும்பாலும் 75 முதல் 125 டாலர் வரை ஆகும். ஆங்கிலத் தேர்வுக் கட்டணம் தனி. கட்டண விலக்கு பல இடங்களில் அமெரிக்கர்களுக்கு மட்டுமே. ஆனாலும் எழுதிக் கேட்பதில் நட்டமில்லை.

தேர்வை ஏற்கெனவே எழுதிக் குறைந்த மதிப்பெண் பெற்றவர், விருப்பம் என்று சொல்லும் இடங்களுக்கு அதை அனுப்ப வேண்டியதில்லை. கட்டாயம் என்று சொல்லும் இடங்களையும் உடனே அடித்துவிட வேண்டாம். ஒற்றை வெட்டெண்ணை வைத்து மாணவரைக் கழிக்கக் கூடாது என்று தேர்வை நடத்தும் இ.டி.எஸ். நிறுவனமே தன் வழிகாட்டுதலில் சொல்கிறது. மொழிப்பகுதியில் குறைந்திருந்தால் ஆய்வுநோக்க உரையின் தெளிவு அதற்கு விடை சொல்லும். கணிதப்பகுதியில் குறைந்திருந்தால் உளவியல் துறை கூடுதலாகத் தயங்கும், ஏனெனில் அங்கே முதலாண்டிலேயே புள்ளியியல் காத்திருக்கிறது. அதற்குப் புள்ளியியல் தாள்களில் பெற்ற மதிப்பெண்ணும் ‘ஆர்’ மொழியில் தரவுகளைக் கையாண்ட அனுபவமும் விடையாகும். மதிப்பெண்ணைப் பற்றி விளக்க நேர்ந்தால் இரண்டு வாக்கியம் போதும். மன்னிப்புக் கேட்கும் தொனி கூடாது. பாபாசாகேப் அம்பேத்கர் 1907ஆம் ஆண்டு மெட்ரிகுலேஷன் தேர்வில் பெற்றது 750க்கு 282 என்று வாழ்க்கை வரலாறுகள் குறிப்பிடுகின்றன. ஆறாண்டுகள் கழித்து அவர் கொலம்பியாவில் இருந்தார்.

ஆய்வகம் இல்லாத கல்லூரியில் ஆய்வு அனுபவத்துக்கு எங்கே போவது? பொதுவெளியில் கிடைக்கும் தரவுகளுக்குப் போகலாம். இந்திய மனித மேம்பாட்டு ஆய்வு 2004-05இலும் 2011-12இலும் நாடு முழுவதும் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களைச் சந்தித்துத் திரட்டிய தரவு, பதிவு செய்துகொண்டால் இலவசமாகக் கிடைக்கிறது. தீண்டாமையைக் கடைப்பிடிக்கிறீர்களா என்று அதில் நேரடியாகக் கேட்கப்பட்டது. இரண்டாம் சுற்றில் நான்கில் ஒன்றுக்கும் மேற்பட்ட குடும்பங்கள் ஏதோ ஒரு வடிவில் அதைக் கடைப்பிடிப்பதாக ஒப்புக்கொண்டன. யார் ஆம் என்கிறார், கல்வி கூடினால் அது குறைகிறதா, நகரத்துக்குப் பெயர்ந்தால் மாறுகிறதா என்பவை சமூக உளவியலின் கேள்விகள். ஒரு மடிக்கணினியும் ஓராண்டு உழைப்பும் இருந்தால், வழிகாட்டி ஒருவரோடு சேர்ந்து இதில் ஒரு கட்டுரை எழுத முடியும். செய்முறைக் குறிப்பேட்டைவிட அது ஆயிரம் மடங்கு பேசும். மூன்றாண்டு இளங்கலையை மட்டும் வைத்து விண்ணப்பிப்பதைப் பல பல்கலைக்கழகங்கள் ஏற்பதில்லை என்பதால், ஆய்வேட்டோடு கூடிய முதுகலை எப்படியும் தேவைப்படும். அந்த ஆய்வேட்டையே இதற்கான இடமாக்கிக்கொள்ளலாம்.

மருத்துவ உளவியல் மட்டுமே உளவியல் அன்று என்பதையும் சொல்ல வேண்டியிருக்கிறது. சமூக, வளர்ச்சி, அறிவாற்றல் உளவியல் பிரிவுகளில் போட்டி உண்டு எனினும் அந்த அளவுக்கு இல்லை. மருத்துவ உளவியலையே வேண்டுவோர், அமெரிக்க உளவியல் கழகத்தின் ஏற்பு பெற்ற ஒவ்வொரு படிப்பும் எத்தனை பேரைச் சேர்த்தது, எத்தனை ஆண்டுகளில் முடித்தார்கள், எவ்வளவு செலவாயிற்று என்று ஆண்டுதோறும் வெளியிட வேண்டிய அட்டவணையைப் படித்துவிட்டு முடிவெடுக்கலாம். ஊக்கத்தொகையோடு அழைக்கும் படிப்பையும், பெருங்கட்டணம் வாங்கிக்கொண்டு எளிதில் சேர்த்துக்கொள்ளும் படிப்பையும் அந்த அட்டவணை பிரித்துக் காட்டிவிடும். குறைந்த மதிப்பெண்ணால் மனம் தளர்ந்தவர்கள் இரண்டாவதில்தான் விழுகிறார்கள்.

சாதியை விண்ணப்பத்தில் சொல்வதா? இதற்கு ஒற்றை விடை இல்லை. 2023 ஜூனில் அமெரிக்க உச்சநீதிமன்றம் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் கொள்வதைத் தடைசெய்தது. ஆயினும் ஒருவர் தம் வாழ்வை அது எப்படி உருவாக்கியது என்று எழுதுவதை அத்தீர்ப்பு தடுக்கவில்லை. சாதியைப் பாகுபாட்டுத் தடைப் பட்டியலில் சேர்த்த பிராண்டைஸ் பல்கலைக்கழகம் (2019), கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம் (2022) போன்றவை உண்டு. சாதி என்றால் என்னவென்றே அறியாத குழுக்களும் உண்டு. நன்கறிந்த, ஆதிக்கச் சாதியிலிருந்து சென்ற இந்தியப் பேராசிரியர்கள் அமர்ந்திருக்கும் குழுக்களும் உண்டு. துன்பத்தின் சான்றாகச் சாதியை எழுதுவதைவிட, எந்தக் கேள்வியை நோக்கி அது தம்மைத் தள்ளியது என்று எழுதுவது வலுவானது என்று நினைக்கிறேன். 1920இல் அமெரிக்காவில் உளவியலில் முனைவர் பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவர் பிரான்சிஸ் செசில் சம்னர். ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் அவரிடம் படித்த கென்னத் கிளார்க்கும் அவருடைய துணைவியார் மேமி கிளார்க்கும் கறுப்பினக் குழந்தைகளிடம் பொம்மைகளைக் கொடுத்துச் செய்த ஆய்வு, பள்ளிகளில் இனப்பிரிவினையை முடித்துவைத்த 1954ஆம் ஆண்டுத் தீர்ப்பில் சான்றாக இடம்பெற்றது. பிரிகாமின் துறைக்குள் நுழைந்து அதையே திருப்பிவைத்தவர்கள் இவர்கள். இந்த வேலை சாதியைப் பொறுத்தவரை இன்னும் தொடங்கப்படவே இல்லை என்று சொன்னால் மிகையாகாது.

இவையெல்லாம் தனி மாணவர் ஒருவர் சுமக்கக்கூடியவை அல்ல. நம் இயக்கங்களும் மாணவர் அமைப்புகளும் உதவித்தொகைக்காகக் குரல் கொடுப்பதைப் போலவே, ஆய்வுநோக்க உரையைப் படித்துத் திருத்தித் தரவும், கடிதம் எழுதும் ஆசிரியருக்கு எதை எழுத வேண்டும் என்று எடுத்துச் சொல்லவும், ஏற்கெனவே வெளிநாட்டில் ஆய்வு செய்யும் நம் மாணவர்களோடு இணைக்கவும் முன்வர வேண்டும். அமெரிக்கத் துறைகளிடம் கேட்க வேண்டியதும் ஒன்றுண்டு: மதிப்பெண்ணை நீக்கினீர்கள், நல்லது, அதன் இடத்தில் எந்த அளவுகோலால் எங்களை அளக்கிறீர்கள் என்பதை எழுத்தில் வெளியிடுங்கள்.

காலமும் கடினமாகிவிட்டது. 2025இல் அமெரிக்க ஒன்றிய அரசு ஆய்வு மானியங்களை வெட்டியதைத் தொடர்ந்து பல பல்கலைக்கழகங்கள் முனைவர் பட்ட இடங்களைக் குறைத்தன. சில சேர்க்கையையே நிறுத்திவைத்தன. இடங்கள் சுருங்கும்போது பேராசிரியர்கள் தமக்கு அறிமுகமான கடிதங்களை நோக்கியே கைநீட்டுவார்கள். இங்கோ, பட்டியலின மாணவர்களுக்கான ஒன்றிய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகைக்கு 2025இல் தேர்வான 106 பேரில் முதலில் 40 பேருக்கு மட்டுமே கடிதம் தரப்பட்டது. மற்றவர்களுக்கு நிதி இருந்தால் பார்ப்போம் என்று சொல்லப்பட்டது.

அந்த உதவித்தொகையின் விதிகளில் 2022இல் நுழைக்கப்பட்ட ஒரு பிரிவையும் உளவியல் மாணவர்கள் கவனிக்க வேண்டும். இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியச் சமூகம் ஆகியவற்றை ஆய்வுப் பொருளாகக் கொண்டால் உதவித்தொகை கிடையாது. தீண்டாமையைக் கடைப்பிடிப்பவரின் மனத்தை ஆராயப் போகிறேன் என்று எழுதி அமெரிக்கத் துறையொன்றில் இடம்பெறும் தலித் மாணவருக்கு அத்துறையின் ஊக்கத்தொகை கிடைக்கலாம். தன் நாட்டு அரசு தலித்துகளுக்கென ஒதுக்கிய நிதியைக் கேட்டால் அவர் ஆய்வுப் பொருளை மாற்றிக்கொள்ள வேண்டும்.